கொண்டல் எயாரில் நிறை பார்த்தவள்

குருக்கள்மடத்தில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கு அன்னப்பூரணியைக் கண்டால் ஆகாது. மாதத்தில் ஒருநாள் பொதுக் கட்டடத்தில் பிள்ளைகளுக்கு நிறை பார்ப்பார்கள். கூரை வளையில் தொங்கு தராசைக் கட்டிவிட்டு, மருத்துவமாது கதிரையில் இருந்து எழுதுவா. பிள்ளையைத் தூக்கித் தராசில் இருத்தி, முள்ளைப் பார்த்து நிறையைச் சொல்வது அன்னப்பூரணியின் வேலையாக இருந்தது. சம்பளம் கிடையாது, தானாக வந்து கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

சொல்வதென்றால் மனிதர் மாதிரிச் சொல்ல வேண்டாமா? கோயில் ஒலிபெருக்கி பழுதானால் அவளைக் கூப்பிடலாம். "ஏழு கிலோ முந்நூறு" என்று அவள் கூவினால், றோட்டில் கல்முனை பஸ்ஸுக்கு நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். கண் பட்டால் கண்ணூறு, வாய் பட்டால் நாவூறு. பிள்ளை கொழுத்திருக்கிறது என்று ஒருத்தி வாய் தவறிச் சொன்னாலே அந்திக்குள் காய்ச்சல் வரும் என்று நம்புகிற ஊர். அதிலும் பிள்ளை பெறாதவளின் நாக்கென்றால் கேட்கவே வேண்டாம். அன்னப்பூரணிக்குப் பிள்ளை இல்லை. கட்டியவன் சவூதிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

"மெல்லச் சொன்னா என்னகா? நாவூறு பட்டிரும்" என்று தாய்மார் முகத்தைச் சுளிப்பார்கள்.

"நிறை நிறைதான் புள்ள. குறைச்சிச் சொல்ல எனக்கு ஏலா" என்பாள் அவள்.

ஏன் ஏலாது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அந்த நெஞ்சுக்குள் ஒரு விமானக் கொம்பனி மூழ்கிக் கிடந்தது. அவளுடைய அண்ணன் தங்கராசாவின் வலது காலும் அதோடு கிடந்தது.

கொம்பனியின் பெயர் கொண்டல் எயார். கடலைத் தடவிக்கொண்டு கிழக்கிலிருந்து வரும் காற்றின் பெயரை அதற்கு வைத்தவர் காத்தான்குடி மீராசாஹிப். வாலிபத்தில் மாலைதீவுக்குப் போய் ஒரு தீவு ஹோட்டலில் களஞ்சியம் பார்த்தவர். தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்பும் சின்ன விமானங்களை அங்கே கண்ட நாளிலிருந்து மனுசனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. போர் முடிந்து பாசிக்குடாவில் ஹோட்டல்கள் மளமளவென்று எழும்பிய காலத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தார். வெளிநாடு போய் வந்தவர்களெல்லாம் புடவைக் கடை திறக்க, இவர் வாவியில் விமானம் இறக்கினார்.

ஒரேயொரு விமானம், ஒற்றை என்ஜின். சில்லு இருக்க வேண்டிய இடத்தில் தோணி போல இரண்டு நீண்ட மிதவைகள். குருக்கள்மடத்து வாவிக் கரையில் ஒரு தென்னந்தோட்டத்தை எடுத்து, தண்ணீருக்குள் பலகைப் பாலம் கட்டி, கரையில் ஒரு ஓலைக் கொட்டில் போட்டார்கள். அதுதான் விமான நிலையம். இங்கே கிளம்பினால் பனிச்சங்கேணிக் களப்பில் ஒருமுறை இறங்கும். பாசிக்குடா போகிறவர்கள் அங்கே இறங்கி வான் வண்டியில் றோட்டால் போய்விடுவார்கள். அங்கிருந்து எழும்பினால் திருகோணமலைத் துறைமுகம். பஸ்ஸில் போனால் இடுப்பைக் கழற்றிக் கையில் தரும் தூரத்தை, வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் கடக்கலாம் என்று மீராசாஹிப் கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

விமானி ஹில்மியும் காத்தான்குடிப் பிள்ளைதான். மாலைதீவில் ஓட்டிக்கொண்டிருந்தவனை மீராசாஹிப் கையோடு கூட்டி வந்தார். தோளில் பட்டி வைத்த வெள்ளைச் சட்டையோடு அவன் கடைத்தெருவால் நடந்தால் சைக்கிள்கள் நிற்கும். வாவியில் வலை போடும் தோணிக்காரரைத் தாண்டும்போது இறக்கையை ஒருமுறை சரித்துக் காட்டுவான். தோணிக்காரரும் துடுப்பைத் தூக்கிக் காட்டுவார்கள். தங்கராசாதான் எல்லாரிலும் உயரமாகத் தூக்குவார்.

சின்ன விமானம் என்பதால் ஏறுகிற ஆளையும் சாமானையும் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். அதற்கென்று ஒரு நெல் ஆலையிலிருந்து மூட்டை நிறுக்கும் மேடைத் தராசொன்று வந்து இறங்கியது. மீனவரிடம் இறால் வாங்கும் வாடியில் தராசு பிடித்துக்கொண்டிருந்த அன்னப்பூரணியை மீராசாஹிப் தேடி வந்தார்.

"ஆம்பிளை நிறுத்தா நம்மட பொம்பிளைகள் தராசில ஏற மாட்டாங்க தங்கச்சி. நீங்க வந்தாத்தான் இது ஓடும்."

அவள் வந்தாள், ஓடியது. முதலில் என்ன பாடெல்லாம் பட்டாள். "நாங்க என்ன நெல்லு மூட்டையா?" என்று கோபித்துக்கொண்டு வான் வண்டியில் ஏறிப் போன மாமிமார் உண்டு. செருப்பைக் கழற்றினால் குறையுமா என்று கேட்ட புதுமாப்பிள்ளை உண்டு. எல்லாரையும் சிரிக்கப் பேசி ஏற்றிவிடுவாள். முள் அவள் பக்கம் மட்டும் தெரியும்படி தராசைத் திருப்பி வைத்திருந்தாள். அவள் நிறையைச் சொல்ல, பாலத்தில் நிற்கும் ஹில்மி கணக்குக் கூட்டிக்கொண்டு, ஆளை எங்கே இருத்துவது, பெட்டியை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பான். அவள் தலையசைத்தால்தான் விமானம் கிளம்பும் என்று ஊரில் பகிடியாகச் சொல்வார்கள். அதைக் கேட்க அவளுக்கு நல்ல விருப்பம்.

ஆனால் வாடியில் அவள் படித்த பாடம் வேறு. தோணி நிறைய மீன் கிடந்தாலும், "என்ன பட்ட?" என்று கேட்டால் "கறிக்குப் பட்டது", ஒருநேரக் கறிக்குத்தான் கிடைத்தது, என்பதுதான் எங்கள் பக்கத்து மறுமொழி. களவெட்டியில் நெல் அளக்கிறவனும் கணக்கை ஊருக்குக் கேட்கச் சொல்ல மாட்டான். உள்ளதை உள்ளபடி சொன்னால் உள்ளது போய்விடும். இந்த ஊறிப்போன பழக்கத்தோடுதான் அவள் மனிதரையும் நிறுத்தாள். கொழுத்த பிள்ளையென்றால் கொஞ்சம் குறைத்துச் சொல்வாள். பிள்ளைத்தாச்சியென்றால் இன்னும் கொஞ்சம். சோற்றுப் பெட்டியையும் பலகாரச் சட்டியையும் தராசில் ஏற்றவே மாட்டாள், அன்னத்தை நிறுக்கலாமா? அதிலே அவளுக்கு ஒரு இலாபமும் இல்லை. நாலுபேர் நடுவில் ஒரு பிள்ளையின் நிறையை முழுதாகச் சொல்லி அதன் தலையில் நாவூறை இறக்க அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். நாவூறைக் கண்டுபிடித்தவர்கள் விமானத்தைக் கண்டதில்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவையும் விமானம் எழும்பியது. எழும்பியதால், செய்வது சரி என்று அவளும் இருந்துவிட்டாள்.

தங்கராசாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தாய் தகப்பன் இல்லாமல் போனபின் அன்னப்பூரணியை வளர்த்தவர் அவர்தான். பெண்ணுக்கு வீடு கொடுப்பது எங்கள் பக்கத்து முறை. வீடில்லாதவளைக் கட்ட யாரும் வரமாட்டார்கள். தங்கச்சிக்கு வீடு முடியாமல் தனக்குக் கலியாணம் வேண்டாம் என்று சொல்லி, இரவும் பகலும் ஆற்றில் நின்று இறால் பிடித்துக் கல்வீடு கட்டிக் கொடுத்தார். அதன்பிறகுதான் தானும் கலியாணம் முடித்து ஒரு மகளைப் பெற்றார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். தண்ணீரிலேயே நின்று நின்று அவருடைய கால் விரலிடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். அந்தக் காலுக்கு அவள் தேங்காயெண்ணெய் போட்டுவிட்டிருக்கிறாள். கட்டியவன் போனபின்பும் அவள் தலைக்கு மேலே அந்தக் கூரை இருந்தது.

காற்று விழுந்து கிடந்த ஒரு வெயில் காலம். ஓட்டம் முடித்து வந்த ஹில்மி கொட்டிலில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, முள்ளில நிக்கிறபடிதானே நிறை சொல்றீங்க?"

"ஏன் தம்பி அப்பிடிக் கேக்கிறீங்க?"

"சும்மாதான். இண்டைக்கு எழும்பக் கொஞ்சம் சுணங்கின மாதிரி இரிந்திச்சி."

தராசு பிடிக்கிறவளைக் கள்ள நிறைகாரி என்பதைவிடப் பெரிய வசை வாடியில் இல்லை. அவன் அப்படிச் சொல்லவில்லைதான். குற்றமுள்ள நெஞ்சுக்கு அப்படிக் கேட்டது. சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தில் வாய் முந்திக்கொண்டது.

"என்ட அண்ணனாண, முள்ளில உள்ளதத்தான் சொல்றன்."

ஹில்மி கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். "ஐயோ அக்கா, ஆணையெல்லாம் என்னத்துக்கு? நான் நம்புறன்."

பொய்ச் சத்தியம் செய்தவரைப் பிடிக்காது, யார் தலையில் செய்தாரோ அவரைத்தான் பிடிக்கும் என்பார்கள். அது அவளுக்குத் தெரியாததல்ல. இனிமேல் சரியாகச் சொல்லிவிட்டால் ஆணையும் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். சில நாட்கள் முள்ளில் நின்றதை நின்றபடியே சொல்லவும் செய்தாள்.

பிறகு அந்த நாள் வந்தது. காத்தான்குடிக் குடும்பமொன்று திருகோணமலையிலுள்ள சம்பந்தி வீட்டுக்குப் போக வந்திருந்தது. பெரிய குடும்பம், பெரிய ஆட்கள், விமானம் நிறைந்த கூட்டம். கொண்டுபோகும் பலகாரப் பெட்டிகளே பாதிப் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றன. பிள்ளைத்தாச்சி மருமகள் தராசில் ஏறியபோது மாமியார் அன்னப்பூரணியின் காதருகில் வந்தார்.

"மகள், சத்தமாச் சொல்லிராதீங்க. ரெண்டு புள்ள தங்காமப் போய் இப்பதான் ஒண்டு தங்கியிரிக்கு."

பிள்ளை தங்காத வயிற்றின் வலி அன்னப்பூரணிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்குக் குறைத்துச் சொன்னாள். ஒருத்திக்குக் குறைத்த நாக்கு அடுத்தவருக்கும் குறைத்தது, அதற்கடுத்தவருக்கும் குறைத்தது. பலகாரப் பெட்டிகள் வழக்கம்போலத் தராசைத் தாண்டிப் போயின. ஹில்மி அவள் சொன்னதைக் கூட்டிக்கொண்டு ஏறினான்.

வாவி அன்று எண்ணெய் ஊற்றியது போல அசைவில்லாமல் கிடந்தது. அலையில்லாத தண்ணீர் மிதவையை லேசில் விடாது. பாரமும் மிஞ்சினால் அது பிடித்த பிடிதான். விமானம் வழக்கமாக எழும்பும் இடத்தைத் தாண்டியது. சிவப்பு மிதப்புக் கட்டிய எல்லையையும் தாண்டியது. அந்த எல்லைக்கு அப்பால் தோணிக்காரர் வலை போடலாம். அங்கே போவதற்குள் விமானம் தலைக்கு மேலே போய்விடும் என்பது எல்லாரும் அறிந்த விசயம். தங்கராசா அங்கேதான் தோணியில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டும் அவர் பதறவில்லை. துடுப்பைத் தூக்கத்தான் குனிந்தார்.

பாலத்தில் நின்ற அன்னப்பூரணி எல்லாவற்றையும் கண்டாள். ஹில்மி என்ஜினை அடக்கி ஒருபக்கமாகத் திருப்பினான். விமானம் திரும்பியது, ஆனால் இடது மிதவை தோணியின் பின்பக்கத்தில் ஏறியது. தோணிப் பலகையும் தங்கராசாவின் காலும் ஒன்றாக நசுங்கின. உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. ஹில்மி வெள்ளைச் சட்டையோடு தண்ணீரில் பாய்ந்து, மற்றத் தோணிகள் வரும்வரை தங்கராசாவின் தலையைத் தோளில் தாங்கிப் பிடித்திருந்தான். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து விசாரிக்க வந்தவர்கள் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. முள்ளில் இருந்த நிறையைத்தான் சொன்னீர்களா? அண்ணன் அப்போது கட்டிலில் கிடந்து, இல்லாத காலில் விரல் கடிக்கிறதென்று முனகிக்கொண்டிருந்தார். ஆணை வைத்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

"ஓம்" என்றாள்.

நிறை சரியென்றால் பிழை ஓட்டியவன் பக்கம்தானே வரும். காற்றில்லாத நாளில் நேரத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஹில்மியும் மறுத்துப் பேசவில்லை. "கப்டன் நான்தான், பொறுப்பும் என்டதான்" என்றானாம். விமானம் ஓட்டும் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். கொண்டல் எயார் ஓடாமல் நின்றது. அடுத்த வருடம் ஈஸ்டர் ஞாயிற்றில் குண்டுகள் வெடித்து நாடு கலங்கியது, பிறகு கொரோனா, பிறகு எண்ணெய்ப் பஞ்சம். தென்னைக்குக் கீழே கரையேற்றிக் கிடந்த விமானத்துக்குள் கோழி முட்டையிட்டது. கடைசியில் இரும்பு வாங்குகிறவர்கள் வந்து வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஹில்மி, மாமாவின் புடவைக் கடையில் ஆண்கள் உடுக்கும் சாரம் மடித்துக்கொண்டிருந்தான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஊர் ஹில்மியைத் தின்றது. போன் பார்த்துக்கொண்டு ஓட்டினான் என்று ஒருவர், இறக்கையைச் சரித்து விளையாடுகிறவனுக்கு இது வரும் என்று இன்னொருவர். தங்கராசாவும் வெறுமனே இருக்கவில்லை. "அந்தப் பெடியன் கண்ணத் திறந்து ஓட்டியிரிந்தா என்ட கால் இரிந்திரிக்கும்" என்பார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அன்னப்பூரணி பக்கத்தில் நின்று அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பாள். சிந்தாமல் ஊற்றப் பழகிவிட்டாள். மனிதர் எதற்குத்தான் பழகமாட்டார்கள். ஆனால் அண்ணன் கட்டிய வீட்டில் படுத்தால் சுவர் நாலும் அவளை நெருக்கின. அந்த நெருக்கம் தாங்காமல்தான் பிள்ளைகளின் நிறை பார்க்கிற இடத்துக்குப் போய், நானும் வரட்டா என்று கேட்டாள்.

இந்த வருடம் பங்குனி மாதம் மீராசாஹிப் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நன்றாக நரைத்துவிட்டது. ஆனால் விமானம் என்ற சொல் வந்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

"தங்கச்சி, ஹில்மிக்கு ஒரு வழி திறந்திரிக்கு. மாலைதீவில ஒரு கொம்பனி அவன எடுக்கப் பாக்குது. அவங்க எடுத்தா அனுமதியும் திரும்பக் கிடைக்கும். ஆனா அண்டைக்கு ஏன் எழும்பல்ல எண்டு தெரியணுமாம். அவனக் கேட்டா என்ட பிழை எண்டு மட்டும் சொல்றான். அப்பிடிச் சொல்றவன ஆரு எடுப்பான்? பாலத்தில நிண்ட ஆக்கள்ல நீங்கதான் இரிக்கீங்க. தண்ணி கிடந்த கிடை, காத்தில்லாதது, எல்லாத்தையும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கடைக்கு வாங்க, போன்ல முகம் பாத்துக் கதைப்பாங்க. அவன்ட வயசும் போகுது, இதையும் விட்டா இனி இல்ல."

"வாறன் ஹாஜியார்" என்றாள். அவர் போனபின்பு படலையைப் பிடித்தபடியே நின்றாள்.

காற்றையும் தண்ணீரையும் பற்றிச் சொல்லலாம். பொய்யில்லை. ஆனால் காற்றில்லாத எத்தனையோ நாள் விமானம் எழும்பியிருக்கிறது என்று எதிர்க்கேள்வி வந்தால், பழி திரும்பவும் அந்தப் பையனின் தலையில்தான் விழும். உள்ளதைச் சொன்னால் அவன் பறப்பான். அவளுக்கு ஊரில் முகம் இருக்காது, அண்ணனென்று சொல்ல அவரும் இருக்கமாட்டார். எதைச் சொல்வதானாலும் அவன் முகத்தைப் பார்த்து முதலில் சொல்லிவிட வேண்டும் என்று வியாழக்கிழமை பஸ் ஏறினாள்.

கடையில் ஹில்மி சாரங்களைத் தொகை தொகையாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். கொஞ்சம் தொந்தி வைத்திருந்தது. அவளைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் துடைத்து வைத்தான்.

"வாங்க அக்கா, இரிங்க. அண்ணன் எப்பிடி இரிக்கார்?"

எப்போது கண்டாலும் அவன் முதலில் கேட்பது அதுதான். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமலேயே எத்தனையோ தடவை அவள் தெருவின் மறுபக்கத்தால் போயிருக்கிறாள். அவள் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"தம்பி, அண்டைக்கு நான் நிறையைக் குறைச்சிச் சொன்ன. எல்லாருக்கும் குறைச்சிச் சொன்ன."

அவன் கை நிற்கவில்லை. ஒரு சாரத்தை மடித்து முடித்துவிட்டுச் சொன்னான்.

"தெரியும் அக்கா."

அவன் அடுத்த சாரத்தை எடுத்து விரித்தான்.

"முதல் மாசமே தெரியும். பாரம் கூடினா பிளேன் காட்டிக் குடுத்திரும்தானே. நீங்க சொல்றதுக்கு மேல நான் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் வெக்கிற. எங்கட உம்மாவும் உங்களப் போலத்தான். என்ட நிறை என்ன எண்டு ஆரும் கேட்டா பாதிதான் சொல்லுவா."

"அப்ப அண்டைக்கு?"

ஹில்மி கையிலிருந்த சாரத்தைக் கீழே வைத்தான். "அண்டைக்குக் கூட்டல்ல."

"ஏன் தம்பி?"

"நீங்க அண்ணன்ட தலையில ஆணை வெச்சீங்களே அக்கா. அதுக்குப் பிறகு நான் கூட்டுறேல்ல."

கடைக்கு ஆள் வந்தது. ஹில்மி எழும்பிப் போய் இரண்டு துணியை விரித்துக் காட்டி, விலை சொல்லி, பையில் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். அவள் அப்படியே நின்றாள். தான் ஆணை வைக்காமல் வெறும் பொய் மட்டும் சொல்லியிருந்தால் அண்ணனுக்குக் கால் இருந்திருக்கும். இத்தனை நாளும் அவள் தூக்கிச் சுமந்தது பாதிதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"விசாரணையில ஏன் சொல்லாம விட்ட?"

"என்னத்தச் சொல்ற? நிறை பிழையெண்டு தெரிஞ்சும் அவ்வளவு காலமும் பறந்த எண்டா? அதுவும் என்ட பிழைதானே. அதோட, அவர் ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள, உங்கட தங்கச்சியாலதான் கால் போன எண்டு சொல்ல எனக்கு மனம் வரல்ல." சாரத்தைத் திரும்பக் கையில் எடுத்தபடி, "நாளைக்கும் அதச் சொல்லாதீங்க. காத்தில்ல எண்டு சொல்லுங்க, அதுவே காணும்" என்றான்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸால் இறங்கி நேரே அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். தங்கராசா முற்றத்து மாமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் மரத்தில் சாத்திக் கிடந்தது. அவள் மண்ணில் குந்தி, நாவூறில் தொடங்கி, ஆணை, பலகாரப் பெட்டி, விசாரணையில் சொன்ன "ஓம்", ஹில்மி சொன்னது எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஊசி பிடித்த கை எந்த இடத்தில் நின்றது என்று அவளுக்குத் தெரியாது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தப் பெடியன நான் இவ்வளவு காலமும் ஏசின" என்றார் தங்கராசா.

"ஓம் அண்ணன்."

"நீ தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்ட."

"ஓம்."

"என்ட தலையில ஆணை வெச்சது மெய்யா?"

"மெய்தான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் காலைப் பிடித்திருப்பாள், அழுதிருப்பாள், ஏதாவது ஒரு வழி கிடைத்திருக்கும். "போ பூரணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையை மடியில் இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை போனில் தெரிந்த முகங்களுக்கு முன்னால் அவள் உள்ளதைச் சொன்னாள். மொழிபெயர்க்க இருந்த மீராசாஹிப் பாதியில் நின்றுவிட்டார். தன் கொம்பனி எதில் மூழ்கியது என்று அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. அவளை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இருந்தது, ஆனால் மனுசன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஹில்மி கூட்டி வைத்த கதையை மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்வதும் விடுவதும் அவன் பாடு. அவள் கடைசியாகக் குறைத்த நிறை அது.

வைகாசியில் ஹில்மி மாலைதீவுக்குப் போனான். அதற்கு முன்பு தங்கராசா ஊன்றுகோலோடு பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போய், கடைக்குள் அவனோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தார். என்ன கதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பை நிறைய இறால் கொண்டு போனாராம். எவ்வளவு என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டதற்கு, கறிக்குக் கொஞ்சம் என்றாராம். தங்கச்சி வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை. விசயம் ஊருக்குள் மெல்லப் பரவியது. வழியில் கண்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் நின்று கதைக்கவில்லை. வீடு அவளுக்கு அப்படியே இருந்தது. அதை அவர் திருப்பிக் கேட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

ஆனி மாத நிறை பார்க்கும் நாளில் தங்கராசாவின் மகள் கம்சாயினி தன் தலைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. பேரப்பிள்ளையின் முதல் நிறைக்குத் தங்கராசாவும் வந்திருந்தார். கம்சாயினி, "மாமி" என்று சொல்ல வாயெடுத்து, தகப்பனைப் பார்த்துவிட்டு, பிள்ளையை மட்டும் நீட்டினாள். நல்ல பிள்ளை, கையில் வாங்கும்போதே பாரம் தெரிந்தது. அன்னப்பூரணி அதைத் தராசில் இருத்தி, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, முள்ளைப் பார்த்தாள்.

"அஞ்சு கிலோ அறுநூறு" என்று கூவினாள்.

மருத்துவமாது எழுதக் குனிந்தா.

"பொறுங்க மிஸ்" என்றார் தங்கராசா. "இன்னொருக்கா வைக்கச் சொல்லுங்க. நான் பாக்கணும்."

அன்னப்பூரணி பிள்ளையைத் தூக்கினாள், திரும்ப இருத்தினாள், ஒதுங்கி இடம் விட்டாள். தங்கராசா ஊன்றுகோலை ஊன்றித் தராசுக்குக் கிட்ட வந்து, தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் தோணி நிறைந்த மீனையும் கறிக்குப் பட்டது என்று மட்டுமே சொன்ன மனுசன், தன் பேரப்பிள்ளையின் நிறையை எல்லாருக்கும் கேட்கும்படி தானே வாசித்தார்.

"அஞ்சு கிலோ அறுநூறு. எழுதுங்க மிஸ்."

தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். வரிசையில் அடுத்து நின்ற தாய் தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே தராசுக்கு முன்னால் வந்து நின்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே வந்தாள். அன்றிலிருந்து குருக்கள்மடத்தில் பிள்ளையின் நிறையைத் தாய்மாரே பார்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். அன்னப்பூரணி பிள்ளையைத் தராசில் தூக்கி வைப்பாள், இறக்குவாள், முள்ளைப் பார்க்க மாட்டாள்.